லினக்சில் ஐடிஇ இயக்கிகள் நீக்கப்பட்ட வரலாறு

இயக்குதளம் வன்தட்டில் தரவைப் படிக்கவும் எழுதவும் உதவும் மென்பொருள் 'இயக்கி' எனப்படும். ஐடிஇ வகை வன்தட்டுகளுக்காக 1990-களில் உருவான லினக்ஸ் இயக்கித் தொகுதி, 2021-ஆம் ஆண்டில்தான் முழுமையாக நீக்கப்பட்டது. மாற்று இயக்கிகள் வந்து அதற்குள் 15 ஆண்டுகள் ஆகியிருந்தன. பழையதை உடனே கைவிட முடியாமல் தடுத்தவை இரண்டு: வன்தட்டுகளின் பெயர்கள், மாற்று இயக்கி இல்லாத பழைய கணினிகள்.

மாற்றின் வருகை

சாட்டா வன்தட்டுகள் பரவத் தொடங்கியபோது, அவற்றுக்காக ஜெஃப் கார்சிக் 'லிப்அட்டா' என்னும் புதிய தொகுதியை உருவாக்கினார். பழைய ஐடிஇ வன்தட்டுகளையும் அதன்கீழ் இயக்கும் வகையில் ஆலன் காக்ஸ் எழுதிய இயக்கிகள், 2006 நவம்பரில் வெளியான 2.6.19 பதிப்பில் சேர்ந்தன. அதன்பின் ஒரே வன்பொருளுக்கு இரண்டு இயக்கித் தொகுதிகள் இருந்தன.

பெயர்ச் சிக்கல்

பழைய தொகுதியில் முதல் வன்தட்டின் பெயர் 'எச்டிஏ'. லிப்அட்டாவில் அதே வன்தட்டு 'எஸ்டிஏ' ஆனது. கணினி தொடங்கும்போது படிக்கும் அமைப்புக் கோப்புகளில் பழைய பெயரே எழுதப்பட்டிருந்தால், தரவு பத்திரமாக இருந்தும் கணினி அதைக் கண்டுபிடிக்காது. மேலும், ஒரு வன்தட்டை 63 பிரிவுகள் வரை பிரிக்கப் பழைய தொகுதி இடமளித்தது. புதியதில் தொடக்கத்தில் 15 மட்டுமே. இந்த வரம்பு பின்னர் தளர்த்தப்பட்டது.

பெயர்ச் சிக்கலுக்குத் தீர்வு, வன்தட்டுப் பிரிவிலேயே பதிந்திருக்கும் 'யூயூஐடி' என்னும் தனித்த அடையாள எண்ணாகும். எந்த இயக்கி வந்தாலும் இந்த எண் மாறாது. 2011 பிப்ரவரியில் வெளியான டெபியன் 6, புதிய தொகுதிக்கு மாறியபோது, பயனரின் கோப்புகளில் உள்ள பழைய பெயர்களை இந்த எண்களாக மாற்றித் தரும் வசதியையும் அளித்தது. டெபியனை அடித்தளமாகக் கொண்ட இயக்குதளங்கள் பல. சென்னையில் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்சும் அவற்றுள் ஒன்று. இதனால் டெபியன் எடுக்கும் இத்தகைய முடிவுகள் டெபியனை நேரடியாக நிறுவாத பயனர்களையும் தொடுகின்றன.

இறுதி நீக்கம்

2009-க்குப் பிறகு டேவிட் மில்லரின் பொறுப்பில் பழைய தொகுதி பராமரிப்பு நிலையில் மட்டுமே இருந்தது. பிறகு, 2021-இல் அது நீக்கப்படும் என்ற எச்சரிக்கை அதிலேயே சேர்க்கப்பட்டது. மாற்று இயக்கி இல்லாத வன்பொருள் இருந்தால் தெரிவிக்குமாறும் அதே எச்சரிக்கை கேட்டுக்கொண்டது. அட்டாரி ஃபால்கன், அமிகா போன்ற 1990-களின் கணினிகளுக்கும் லிப்அட்டா இயக்கிகள் எழுதப்பட்டன. கிறிஸ்டோஃப் ஹெல்விக் முன்வைத்த நீக்கம், 2021 ஆகஸ்டில் வெளியான 5.14 பதிப்பில் நிறைவேறியது.

பழைய இடைமுகத்தை நீக்க விரும்புவோர் செய்ய வேண்டியவற்றை இவ்வரலாறு வரிசையாகக் காட்டுகிறது: மாற்றை முதலில் தருதல், பயனரின் கோப்புகளை மாற்ற உதவுதல், நாள் குறித்து அறிவித்தல், விடுபட்டோரைக் கேட்டறிதல். நிரல் வரிகளை அழிப்பது கடைசி வேலை.