பறையொலியிலிருந்து பதிவேடு வரை



ஆள்வோர் தம் குடிகளுக்குச் செய்தி சொல்லும் முறை ஒன்று. குடிகள் ஆள்வோரிடம் செய்தி கேட்டுப் பெறும் முறை மற்றொன்று. முன்னையதை அறிவித்தல் என்கிறோம். பின்னையது பதிவேடுகளைப் பார்க்கும் உரிமை. முன்னையது நம் நாட்டில் மிகப் பழையது. பின்னையதோ சட்டத்திற் பொறிக்கப்பட்டுப் பத்தாண்டு சொச்சமே ஆகிறது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நாம் வந்து சேர்ந்த வழி நீண்டது. அவ்வழியைச் சற்றே திரும்பிப் பார்ப்போம்.

அச்சுப்பொறி வருமுன் அறிவித்தலின் கருவி பறை. சந்தியிலே பறை முழங்கும், மக்கள் கூடுவர், சொல்லவேண்டியது சொல்லப்படும். ஆங்கிலேயர் ஆட்சியில் 1802ஆம் ஆண்டு மார்ச் 15ஆம் நாள் அரசாங்க வர்த்தமானியின் முதலிதழ் கொழும்பில் அச்சாயிற்று. ஆயினும் பறை ஓய்ந்துவிடவில்லை. காணிப் பிரிவினை பற்றிய 1951ஆம் ஆண்டுச் சட்டமும், அதன் பின்வந்த 1977ஆம் ஆண்டுச் சட்டமும், வழக்குப் பற்றிய செய்தியை அக்காணியிலேயே பறையறைந்து வாய்மொழியாகவும் கூறவேண்டுமென விதித்தன. எழுத்தறியாதவனும் வர்த்தமானியைக் கண்ணாற் காணாதவனும் தன் பங்கை இழந்துவிடலாகாது என்பதே இதன் கருத்து. அறிவித்தல் என்பது வெறுஞ் சடங்கன்று, உரியவரின் செவியிற் சென்று விழவேண்டியது என்ற உண்மையைப் பறை நமக்குக் கற்பித்தது.

1865ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தாற் கொழும்பிலும் கண்டியிலும் மாநகர சபைகள் தோன்றின. யாழ்ப்பாணம் 1949ஆம் ஆண்டில் மாநகர சபையாயிற்று. மாநகர சபைகளுக்கு இன்றும் அடிப்படையாயுள்ள 1947ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டப்படி, சபை இயற்றும் துணை விதிகள் வர்த்தமானியில் வெளிவந்தாலன்றிச் செல்லுபடியாகா. சோலைவரி மதிப்பீடு உயர்ந்தால் வீட்டுக்காரருக்கு அறிவித்தல் வரும். அவர் ஆட்சேபம் தெரிவிக்கலாம். இவை நல்ல விதிகளே. ஆனால் இவை முடிவைச் சொன்னவையேயன்றி, முடிவு பிறந்த கதையைச் சொல்லவில்லை. எந்த மதிப்பீட்டை நம்பி ஒழுங்கை அகலமாக்கப்பட்டது, எவருக்கு எந்த நிபந்தனையிற் குத்தகை கொடுக்கப்பட்டது என்பன அலுவலக அலுமாரிக்குள்ளேயே அடங்கிக் கிடந்தன.

1950ஆம் ஆண்டின் காணி எடுத்தற் சட்டம் இதற்கு நல்ல உதாரணம். பொதுத் தேவைக்குக் காணி வேண்டுமாயின், அச்சட்டத்தின் 2ஆம் பிரிவின்படி அப்பகுதியிற் பலர் காணக்கூடிய இடங்களில் சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மும்மொழியிலும் அறிவித்தல் ஒட்டப்படவேண்டும். பின்னர் 4ஆம் பிரிவின்படி உரிமையாளர் ஆட்சேபம் கூற இடமளிக்கவேண்டும். மும்மொழி என்பதை நேயர்கள் கவனித்தல் வேண்டும். 1956ஆம் ஆண்டில் சிங்களம் மட்டும் ஆட்சிமொழியாக்கப்பட்டது. 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தாலேயே தமிழும் ஆட்சிமொழி எனும் நிலை பெற்றது. படிப்பவனுக்கு விளங்காத மொழியிற் சுவரில் ஒட்டிய தாள், அவனளவில் அறிவித்தலாகாது.

மொழி விளங்கினாற் போதுமா? "பொதுத் தேவைக்காக" என்று மாத்திரம் எழுதி, அத்தேவை யாதென்று கூறாது விட்டால் எதனை ஆட்சேபிப்பது? உயர் நீதிமன்றம் 2000ஆம் ஆண்டில் இக்கேள்வியை எதிர்நோக்கிற்று. நீதியரசர் மார்க் பெர்னாண்டோ, தேவை இன்னதென்பதை 2ஆம் பிரிவு அறிவித்தலிலேயே வெளியிடவேண்டுமெனத் தீர்ப்பளித்தார். காரணம் மறைக்கப்பட்ட இடத்தில் ஆட்சேபிக்கும் உரிமை பெயரளவினதே.

அதே நீதியரசர், அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன் வானொலி நேயர் ஒருவரின் வழக்கையும் கேட்டிருந்தார். இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் முறைசாராக் கல்வி நிகழ்ச்சியொன்று 1995ஆம் ஆண்டில் இடைநிறுத்தப்பட்டது. அந்நிகழ்ச்சியிற் பங்குபற்றி வந்த நேயர் நீதிமன்றம் சென்றார். தகவல் பெறுவது தனித்தவோர் உரிமையாக அரசியலமைப்பிற் கூறப்படவில்லை என்று நீதிமன்றம் 1996ஆம் ஆண்டிற் சொல்லிற்று. ஆயினும் பங்குபற்றும் நேயரின் பேச்சுரிமை மீறப்பட்டதென ஏற்றுக்கொண்டது. வாசல் முற்றாகத் திறக்கவில்லை. ஆனால் தாழ்ப்பாள் அசைந்தது.

வாசலைத் திறந்தது காலிமுகத்திடல் வழக்கு. ஆளுநர் சேர் ஹென்றி வார்ட் 1856இல் தொடங்கி 1859இல் முடித்த கடலோர நடைபாதை அது. கொழும்பு வாழ் மாதர், சிறுவர் நலன் கருதி அதனைப் பேணுமாறு தமக்குப் பின் வருவோரை வேண்டும் கல்லொன்றையும் அவர் அங்கே நாட்டினார். ஒன்றரை நூற்றாண்டு கழிந்தபின், அத்திடலைத் தனியார் நிறுவனமொன்றுக்குக் குத்தகைக்குக் கொடுப்பதாகச் செய்தி கசிந்தது. சுற்றாடல் அமைப்பொன்று அவ்வொப்பந்தத்தின் பிரதியைக் கேட்டது. நகர அபிவிருத்தி அதிகார சபை கொடுக்க மறுத்தது. 2005ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றம், தகவல் பெறாதவன் எதனைப் பேசமுடியும் என்னும் நியாயத்தின் வழியிற் சென்று, பேச்சுரிமைக்குள் அது பற்றிய தகவல் பெறும் உரிமையும் அடங்கும் எனத் தீர்த்தது. திடல் பொதுமக்களின் திடலாகவே நின்றது. கல்லிற் பொறித்த வேண்டுகோளைக் காக்கக் கடிதமொன்று வேண்டியிருந்தது என்பதை நாம் மறத்தலாகாது.

சட்டம் இயற்றும் முயற்சியோ பின்தங்கியே வந்தது. 2004ஆம் ஆண்டில் அமைச்சரவை இணங்கிய மசோதாவொன்று பாராளுமன்றம் கலைக்கப்பட்டதால் வீணாயிற்று. 2015ஆம் ஆண்டின் 19ஆவது திருத்தம் தகவல் அறியும் உரிமையை அரசியலமைப்பில் 14அ எனும் உறுப்புரையாகச் சேர்த்தது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் பிறந்து, 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறைக்கு வந்தது. மாநகர சபை, நகர சபை, பிரதேச சபை யாவும் அதற்குக் கட்டுப்பட்டவையே.

இச்சட்டத்தைப் பயன்படுத்துவது கடினமன்று. சபையின் தகவல் அலுவலரிடம் விண்ணப்பிக்கவேண்டும், தமிழில் எழுதலாம். எழுத இயலாதவர் வாயாற் சொன்னால், அவரே எழுதிக்கொள்ளக் கடமைப்பட்டவர். காரணம் கூறவேண்டியதில்லை. விண்ணப்பம் பெற்றதற்கான எழுத்துமூலச் சான்றைக் கேட்டு வாங்குங்கள்; நாட்கணக்கு அதிலிருந்தே தொடங்கும். 14 வேலை நாட்களுக்குள் முடிவு கூறவேண்டும். மறுத்தாலோ வாளாவிருந்தாலோ, 14 நாட்களுக்குள் அச்சபையின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு. அவர் மூன்று வாரங்களில் முடிவு சொல்லவேண்டும். அடுத்த படி தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. அதற்கு இரண்டு மாத அவகாசம் உண்டு. தேசப் பாதுகாப்பு, தனியார் அந்தரங்கம் போன்ற விலக்குகள் உள்ளன. பொதுநலன் மேலோங்கின் அவற்றையும் கடக்கலாம்.

ஒன்றை மட்டும் நினைவிற் கொள்ளுங்கள். "எங்கள் ஒழுங்கையின் வாய்க்காலை ஏன் இப்படிக் கட்டினீர்கள்?" என்பது வாதம், அதற்கு விடை வாதமாகவே வரும். "அவ்வாய்க்கால் பற்றிய சபைத் தீர்மானம், செலவு மதிப்பீடு, ஒப்பந்தம் ஆகியவற்றின் பிரதிகள் தேவை" என்பது பதிவேட்டைக் கேட்பது. பதிவேடு பேசத் தொடங்கினால் வாதத்துக்கு வேலை குறைவு.

இச்சட்டம் அறிவித்தலையும் பதிவேட்டையும் ஓரிடத்திற் சந்திக்கவும் வைத்தது. உள்நாட்டுப் பணத்தில் ஐந்து இலட்சம் ரூபாவுக்கு மேற்பட்ட அபிவிருத்தித் திட்டமெனின், அது தொடங்குவதற்கு மூன்று மாதம் முன்பே உரிய அமைச்சர் மக்களுக்குத் தெரிவித்தல் வேண்டும் என்கிறது அதன் 9ஆம் பிரிவு. அன்று பறையொலி கேட்டுக் கூடியவர்கள் சொன்னதைக் கேட்டுக் கலைந்து சென்றார்கள். இன்று கூடுபவர்களுக்கு, "அந்த ஏட்டைக் காட்டுங்கள்" என்று கேட்கும் உரிமை உண்டு. கேட்பாரற்ற உரிமை ஏட்டளவிலேயே நின்றுவிடும். அதனை வழக்கிற் கொணர்வது நம் கடன்.