தேவாலயங்களும் நியாய வணிகக் காப்பியும்

நியாய வணிகக் காப்பி என்பது, சந்தை விலை எவ்வளவு வீழ்ந்தாலும் முன்பே உறுதி செய்யப்பட்ட ஒரு விலைக்குக் குறையாமல், சிறு விவசாயிகளின் கூட்டுறவுச் சங்கங்களிடமிருந்து வாங்கப்படும் காப்பியாகும். இன்று ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் சாதாரணக் கடைகளிலேயே கிடைக்கும் இக்காப்பி பரவியதில் கிறித்தவத் தேவாலயங்களுக்குப் பெரும் பங்கு உண்டு. அந்நாடுகளின் பல சபைகளில் ஞாயிறு வழிபாடு முடிந்ததும் அனைவரும் கூடிக் காப்பி அருந்துவது வழக்கம். அந்தக் காப்பியை விளைவித்தவருக்கு என்ன கிடைத்தது என்ற கேள்வி, காலப்போக்கில் ஒரு வணிக இயக்கமாக வளர்ந்தது.

பின்னணி

வாங்கும் பொருளின் வழியே அறத்தைக் கடைப்பிடிப்பது சபைகளுக்குப் புதிதன்று. 1791-இல் அடிமை வணிகத்தை ஒழிக்கும் சட்ட முன்வரைவை பிரித்தானிய நாடாளுமன்றம் நிராகரித்தபோது, குவேக்கர் சபையினர் உள்ளிட்ட பலர் அடிமைகளின் உழைப்பில் விளைந்த சர்க்கரையைக் கைவிட்டனர். 1946-இல் அமெரிக்காவைச் சேர்ந்த மெனோனைட் சபையின் எட்னா ரூத் பைலர், புவேர்ட்டோ ரிக்கோப் பெண்களின் கைவேலைப் பொருள்களைத் தம் நாட்டில் விற்கத் தொடங்கினார். 1959-இல் நெதர்லாந்தின் கெர்க்ராடு நகரில் கத்தோலிக்க இளைஞர்கள் தொடங்கிய அமைப்பு, 1973-இல் குவாத்தமாலாவின் சிறு விவசாயிகளிடமிருந்து காப்பியை இறக்குமதி செய்தது. 1975-இல் செருமனியில் தேவாலய அமைப்புகளின் ஆதரவுடன் கெப்பா நிறுவனம் உருவானது.

மெக்சிகோவில் தொடக்கம்

ஃபிரான்ஸ் வான் டெர் ஹோப் 1939-இல் நெதர்லாந்தில் பிறந்த கத்தோலிக்கக் குரு. சிலி நாட்டில் பணியாற்றிய அவர், 1973-ஆம் ஆண்டு இராணுவப் புரட்சிக்குப் பின் மெக்சிகோ சென்றார். 1980களின் தொடக்கத்தில் ஒவாகாக்கா மாநிலத்தின் மலைப்பகுதியில் பழங்குடி விவசாயிகளிடையே வாழத் தொடங்கினார். அங்கு காப்பியை வாங்கிச் செல்லும் இடைத்தரகர்களை மக்கள் ‘கொயோட்டே’ எனும் ஓநாய் இனத்து விலங்கின் பெயரால் அழைத்தனர். விலையையும் கடனையும் போக்குவரத்தையும் அவர்களே தீர்மானித்தனர். இதிலிருந்து விடுபட விவசாயிகள் ஊசிரி எனப்படும் கூட்டமைப்பை உருவாக்கி, தங்கள் காப்பியைத் தாங்களே திரட்டி ஏற்றுமதி செய்தனர். இயற்கை வேளாண்மையையும் கடைப்பிடித்தனர்.

காப்பிக்கு உரிய விலை கிடைத்தால் நன்கொடை தேவையில்லை என்பதே இவ்விவசாயிகளின் நிலைப்பாடு. நெதர்லாந்துத் தேவாலயங்களின் வளர்ச்சிப்பணி அமைப்பான சொலிடாரிடாடைச் சேர்ந்த நிக்கோ ரோசன் இக்கருத்தை ஏற்றார். தேவாலய வளாகங்களிலும் தன்னார்வலர் கடைகளிலும் மட்டும் விற்றால் விற்பனை பெருகாது. எனவே, நிபந்தனைகளை ஏற்கும் எந்த நிறுவனமும் தன் காப்பிப் பொட்டலத்தில் பயன்படுத்தக்கூடிய ஒரு முத்திரையை இருவரும் திட்டமிட்டனர். 1988 நவம்பர் 15 அன்று ‘மாக்ஸ் ஹவெலார்’ முத்திரை வெளியிடப்பட்டது.

பெயரின் பொருள்

இப்பெயர் 1860-இல் முல்டாடுலி என்ற புனைபெயரில் எடுவர்டு டவ்வஸ் டெக்கர் எழுதிய டச்சுப் புதினத்தின் பெயராகும். குடியேற்ற ஆட்சியின்கீழ் ஜாவா மக்கள் பட்ட துன்பத்தை அது வெளிப்படுத்தியது. அதில் வரும் ஆம்ஸ்டர்டாம் காப்பித் தரகர் தவறாமல் தேவாலயம் செல்பவர். ஜாவா மக்களை உழைப்பின் வழியே கடவுளிடம் சேர்க்க வேண்டும் என்ற பிரசங்கத்தை மெச்சுபவர். பக்தியும் சுரண்டலும் ஒரே வீட்டில் குடியிருப்பதைச் சாடிய அப்புதினத்தின் பெயரை, ஒரு தேவாலய அமைப்பே தன் முத்திரைக்குச் சூட்டியது குறிப்பிடத்தக்கது.

விலைச் சரிவும் விரிவாக்கமும்

1989 சூலையில் பன்னாட்டுக் காப்பி உடன்படிக்கையின் ஏற்றுமதிப் பங்கீட்டு முறை முறிந்ததால் உலகச் சந்தையில் விலை சரிந்தது. உறுதி செய்யப்பட்ட விலையின் தேவை அப்போது தெளிவாகப் புரிந்தது. 2001-இல் சந்தை விலை ஒரு பவுண்டு எடைக்கு 50 அமெரிக்க சென்டுக்கும் கீழே சென்றபோது, மத்திய அமெரிக்க அராபிக்கா வகைக்கு நியாய வணிக விலை 1.26 டாலராக இருந்தது.

பிரித்தானியாவில் கிறிஸ்டியன் எய்டு, கத்தோலிக்க அமைப்பான காஃபோடு, ஆக்ஸ்ஃபாம் முதலியவை இணைந்து 1992-இல் ஃபேர்டிரேடு அறக்கட்டளையை நிறுவின. 1994-இல் அதன் முத்திரை பெற்ற முதல் பொருள்களுள் கஃபேடைரக்ட் காப்பியும் ஒன்று. அமெரிக்காவில் 1986-இல் தொடங்கப்பட்ட ஈக்வல் எக்ஸ்சேஞ்ச் என்ற தொழிலாளர் கூட்டுறவு நிறுவனம், 1990களின் பிற்பகுதியில் லுத்தரன், பிரெஸ்பிடேரியன் முதலிய சபைகளுடன் இணைந்து தேவாலயங்களுக்குக் காப்பி வழங்கத் தொடங்கியது. 1997-இல் பல நாட்டு முத்திரை அமைப்புகள் ஒரே பன்னாட்டு அமைப்பின்கீழ் வந்தன.

விமரிசனங்கள்

இம்முறைக்கு எல்லைகள் உண்டு. சான்று பெற்ற சங்கங்கள் தம் விளைச்சல் முழுவதையும் நியாய வணிக விலைக்கு விற்க முடிவதில்லை. வாங்குவோர் போதாததால் ஒரு பகுதி சாதாரணக் காப்பியாகவே விற்கப்படுகிறது. காப்பி முத்திரை சிறு விவசாயிகளின் சங்கங்களுக்கு மட்டுமே உரியது என்பதால், பெருந்தோட்டக் கூலித் தொழிலாளர்கள் இதில் சேரவில்லை. அவர்களையும் சேர்க்க வேண்டும் என்ற கருத்து வேறுபாட்டையொட்டி அமெரிக்க அமைப்பு 2011 இறுதியில் பன்னாட்டு அமைப்பிலிருந்து விலகியது. பெருந்தோட்டங்களோடு போட்டியிட்டால் சிறு விவசாயிகள் தாக்குப்பிடிக்க இயலாது என்பது எதிர்த்தரப்பின் வாதம்.

2011 முதல் பவுண்டுக்கு 1.40 டாலராக இருந்த குறைந்தபட்ச விலை, 2023 ஆகஸ்டில்தான் 1.80 டாலராக உயர்த்தப்பட்டது. இடைப்பட்ட 12 ஆண்டுகளில் உரம், கூலி முதலிய செலவுகள் கூடியபோதும் அது மாறவில்லை. முத்திரை இருந்தாலும், அதன்பின் உள்ள விலை விவசாயியின் செலவுக்கு ஈடாகிறதா என்பதை வாங்குவோர் தொடர்ந்து கேட்க வேண்டியுள்ளதை இது காட்டுகிறது. ஒவாகாக்கா விவசாயிகள் கேட்டதும் நன்கொடையை அன்று, உரிய விலையையே.