மாணவர் விசா: வங்கிக் கணக்கில் காட்டும் பணம் யாருடையது?

மேல்படிப்புக்கு வெளிநாடு செல்ல விரும்பும் பிள்ளைகள் முதலில் பல்கலைக்கழகத்தைத் தேடுகிறார்கள். பெற்றோர் ஏஜெண்டைத் தேடுகிறார்கள். விசா பற்றிய பேச்சு கடைசியில்தான் வருகிறது. ஆனால் நடுத்தரக் குடும்பங்களின் விண்ணப்பம் பெரும்பாலும் சிக்கிக்கொள்வது பண ஆதாரத்தில். ஆகவே அதை முதலில் பார்த்துவிடுவோம்.

காஞ்சிபுரம் போன்ற ஊரில் இந்தச் சிக்கல் இன்னும் கூடுதல். பட்டுப் புடவை, ஜரிகை, தறி என்று தொழில் செய்யும் வீடுகளில் வசதி இருக்கும். ஆனால் அது கடையில் சரக்காகவும், பாக்கி வரவேண்டிய தொகையாகவும், வீட்டில் நகையாகவும் இருக்கும். விசா அதிகாரி இவற்றைப் பணமாக எடுத்துக்கொள்வதில்லை. அவர் பார்ப்பது வங்கிக் கணக்கை மட்டுமே.

பிரிட்டனை எடுத்துக்கொள்வோம். 2025 நவம்பர் முதல், லண்டனில் படிப்பவர் மாதம் 1,529 பவுண்டும், மற்ற ஊர்களில் படிப்பவர் 1,171 பவுண்டும் என்ற கணக்கில் அதிகபட்சம் 9 மாதச் செலவைக் காட்ட வேண்டும். முதல் ஆண்டுக் கட்டணத்தில் கட்டாமல் மீதியுள்ள தொகையும் இதோடு சேரும். உதாரணமாக, லண்டனுக்கு வெளியே படிக்கும் மாணவருக்கு 12,000 பவுண்டு கட்டணம் பாக்கி என்றால், மொத்தம் 22,539 பவுண்டு. ஒரு பவுண்டு 115 ரூபாய் என்று வைத்தாலும் ஏறத்தாழ 26 லட்சம். இந்தத் தொகை தொடர்ந்து 28 நாட்கள் கணக்கில் இருக்க வேண்டும். நடுவில் ஒரே ஒரு நாள் குறைந்தாலும் அந்த 28 நாள் செல்லாது. 28-ஆவது நாளிலிருந்து 31 நாட்களுக்குள் விண்ணப்பித்துவிடவும் வேண்டும்.

கணக்கு மாணவரின் பெயரிலோ, பெற்றோர் அல்லது சட்டப்பூர்வ காப்பாளர் பெயரிலோதான் இருக்கலாம். துபாயில் இருக்கும் மாமா, சவூதியில் இருக்கும் அண்ணன் ஆகியோரின் கணக்கு ஏற்கப்படாது. அவர்கள் உதவுவதாக இருந்தால் பணத்தை முன்கூட்டியே பெற்றோர் கணக்குக்கு அனுப்பிவிடுவதே வழி. பெற்றோர் கணக்கைக் காட்டும்போது பிள்ளையின் பிறப்புச் சான்றிதழும் பெற்றோரின் சம்மதக் கடிதமும் வேண்டும்.

இங்கேதான் சில ஏஜெண்டுகள் 'ஒரு மாதத்துக்குப் பணம் போட்டுத் தருகிறோம், கமிஷன் மட்டும் கொடுங்கள்' என்று வருகிறார்கள். பணம் அவர்களுடையது, கணக்கு நம்முடையது. கொடுத்த பணத்துக்கு மேல் வாங்கும் அந்தத் தொகைக்குக் கமிஷன் என்று பெயர் வைத்தாலும் வட்டி வட்டிதான். மேலும் இல்லாத பணத்தை இருப்பதாகக் காட்டுவது பொய்ச் சாட்சியம். பொய் ஆவணம் என்று தெரிந்தால் பிரிட்டன் 10 ஆண்டுகளும் கனடா 5 ஆண்டுகளும் தடை விதிக்கலாம். அமெரிக்காவில் அது ஆயுள் முழுவதும் தொடரக்கூடிய தடை. 2023-இல் பஞ்சாப் மாணவர்கள் பலர் கனடாவிலிருந்து நாடு கடத்தப்படும் நிலைக்கு வந்தார்கள். ஏஜெண்ட் கொடுத்த கல்லூரி அனுமதிக் கடிதங்கள் போலி என்று பல ஆண்டுகள் கழித்தே தெரியவந்தது. அந்த ஏஜெண்டுக்கு 2024-இல் கனடாவில் 3 ஆண்டுகள் சிறை விதிக்கப்பட்டது. ஆனால் விண்ணப்பத்தில் கையெழுத்து மாணவருடையது என்பதால் முதலில் விசாரிக்கப்பட்டவர்களும் மாணவர்களே.

வங்கிக் கல்விக் கடனை தூதரகங்கள் ஏற்கின்றன. வட்டியைத் தவிர்க்க நினைக்கும் குடும்பங்களுக்கு அது வழியல்ல. வெளிநாட்டுக் கல்விக் கடனுக்கு வட்டி மானியம் தந்த மத்திய அரசின் 'படோ பர்தேஷ்' திட்டமும் 2022-23 முதல் நிறுத்தப்பட்டுவிட்டது. டாம்கோ கடனில் வட்டி குறைவு, இல்லாமல் இல்லை. தமிழக அரசு 2025-இல் வெளிநாட்டில் முதுகலை படிக்க 10 முஸ்லிம் மாணவ மாணவியருக்குத் தலா 36 லட்சம் ரூபாய் உதவித்தொகை அறிவித்தது. இடங்கள் குறைவு என்றாலும், மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சிறுபான்மையினர் நலப் பிரிவில் இந்த ஆண்டு நிலவரத்தைக் கேட்டுவிடுவது நல்லது.

என் கருத்தில், கடன் வாங்காமல் படிக்க நினைப்பவர்கள் ஜெர்மனியைக் கவனிக்க வேண்டும். அங்குள்ள அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் கல்விக் கட்டணம் கிடையாது. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் மட்டும் பருவத்துக்கு 1,500 யூரோ. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் இப்போது வாங்குகிறது. விசாவுக்கு 'பிளாக்டு அக்கவுண்ட்' என்ற கணக்கில் ஓராண்டுக்கு 11,904 யூரோ போட வேண்டும். அது நம் பணம்தான். அங்கே போன பிறகு மாதம் 992 யூரோ வீதம் திரும்பக் கிடைக்கும். 2022 நவம்பர் முதல் இந்திய மாணவர்களுக்கு ஏ.பி.எஸ். சான்றிதழும் கட்டாயம். அது வரத் தாமதமாகலாம் என்பதால் முதல் வேலையாக விண்ணப்பியுங்கள்.

அடுத்தது பெயர். பிறப்புச் சான்றிதழில் 'முஹம்மது', மதிப்பெண் பட்டியலில் 'முகமது', பாஸ்போர்ட்டில் 'மொஹமத்' என்று ஆங்கில எழுத்துகள் மாறிக் கிடப்பது நம் வீடுகளில் சாதாரணம். தந்தையின் பெயர் வங்கியில் ஒரு மாதிரியும் பிறப்புச் சான்றிதழில் வேறு மாதிரியும் இருந்தால், இவர்தான் தந்தை என்று நிறுவுவதே கஷ்டமாகிவிடும். பிறப்புச் சான்றிதழ் திருத்தத்துக்கு, காஞ்சிபுரம் நகரில் பிறந்தவர்கள் மாநகராட்சியை அணுக வேண்டும். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டத்தைக் காலியாக விடாமல் இனிஷியலை விரித்து எழுதுங்கள். காலியாக விட்டவர்களின் அமெரிக்க விசாவில் முதல் பெயர் இடத்தில் 'பெயர் தெரியாது' என்பதன் சுருக்கமே அச்சாகிறது.

பெண் பிள்ளைகள் விசா புகைப்படத்துக்கு ஹிஜாபைக் கழற்ற வேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். வேண்டியதில்லை. அமெரிக்காவும் பிரிட்டனும் மார்க்கக் காரணத்துக்காகத் தலையை மறைப்பதை அனுமதிக்கின்றன. முகம் முழுவதும் நிழல் விழாமல் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

அமெரிக்கா செல்பவர்கள் பல்கலைக்கழகம் தரும் ஐ-20 படிவம் வந்ததும் 350 டாலர் செவிஸ் கட்டணம் கட்டி, டி.எஸ்-160 படிவத்தை நிரப்பி, சென்னை ஜெமினி மேம்பாலம் அருகிலுள்ள துணைத் தூதரகத்தில் நேர்காணலுக்குப் பதிய வேண்டும். 2025 ஜூன் முதல், மாணவர் விசா கேட்பவர்கள் தங்கள் சமூக ஊடகக் கணக்குகளை எல்லோரும் பார்க்கும்படி வைக்க வேண்டும் என்பது விதி. கடந்த 5 ஆண்டுகளில் பயன்படுத்திய கணக்குகளின் பெயர்களைப் படிவத்தில் எழுத வேண்டும், மறைக்கக் கூடாது.

பிரிட்டனில் 6 மாதத்துக்கு மேல் தங்குபவர்களுக்குக் காசநோய்ப் பரிசோதனைச் சான்றிதழும் தேவை. அந்நாட்டு அரசு அங்கீகரித்த மையங்களில் மட்டுமே அதை எடுக்க வேண்டும்; சென்னையில் இருக்கின்றன. காஞ்சிபுரத்தில் நம் குடும்ப டாக்டர் கொடுக்கும் சான்றிதழ் செல்லாது.