எந்த வருஷத்து ஒரிஜினல்?

ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் டீ குடித்துக்கொண்டிருந்தோம். சிராங்கூன் ரோட்டில் ஒரு பழைய மினி உறுமிக்கொண்டு போனது. "இன்ஜின் ஒரிஜினல் இல்லடா, கெடுத்துட்டானுங்க" என்றான் நண்பன். பழைய கார் கண்காட்சிகளில் தீராத சண்டையே இதுதான்: ஆலையிலிருந்து வந்தபடியே காக்கணுமா, மாத்தி ஓட்டலாமா?

பொறியாளன் என்பதால் நானும் நண்பன் கட்சிதான், பழைய அப்பர் தாம்சன் ரோட்டில் நடக்கும்வரை. 1961 முதல் 1973 வரை சிங்கப்பூர் கிராண்ட் பிரீ நடந்தது அந்தப் பொதுச்சாலையில்தான். ஒரு சுற்று சுமார் 4.8 கிலோமீட்டர். பந்தய வண்டிகள் மட்டுமல்ல, வேகம் கூட்டிய சலூன் கார்களும் ஓடின. அப்படி ஓடிய ஒரு காரை ஆலை நிலைக்குத் திருப்பினால், அழிவது அந்த வருஷங்கள்தானே?

1990இல் வந்த சி.ஓ.இ. ஒரு காருக்கு 10 ஆண்டுதான் தருகிறது. மேலே ஓட்டக் காசு கட்டணும். 35 வயதானால் கிளாசிக் திட்டத்தில் சேரலாம், ஆண்டுக்கு 45 நாள் ஓட்டலாம். அதுவரை பிழைப்பவை கொஞ்சம். அவற்றிலும் மாற்றிய தடயத்தைத் துடைத்துவிட்டால், இந்த ஊர்க்காரர்கள் எப்படி ஓட்டினார்கள் என்பதற்குச் சாட்சி இருக்காது.

"ஒரிஜினல் சரி, எந்த வருஷத்து ஒரிஜினல்?" என்று கேட்டேன். நண்பன் டீக்குக் காசு மட்டும் கொடுத்தான்.