தலைகீழாகத் தொங்கும் மனிதன்: ஒரு சீட்டின் வரலாறு

டாரட் எனப்படும் சீட்டுக்கட்டில் 78 சீட்டுகள் உள. அவற்றுள் 22 படச்சீட்டுகளாகும். இவற்றுள் 12ஆம் இலக்கமுடைய படத்தில், மரச்சட்டமொன்றில் ஒரு காலாற் கட்டுண்டு தலைகீழாகத் தொங்குகிறான் ஒருவன். மற்றைக் கால் மடங்கியுள்ளது. முகத்தில் வேதனையின் சாயலே இல்லை. குறிசொல்வோர் இதனைத் தியாகம் என்பர், துறவு என்பர், உலகை வேறொரு கோணத்தில் நோக்கும் ஞானம் என்பர். இவ்விளக்கங்கள் எக்காலத்தவை என வினவுவோர் சிலரே.

டாரட் 15ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் வட இத்தாலியில் தோன்றியது. அன்று அது செல்வர்தம் விளையாட்டு. படச்சீட்டுகள், கோமாளிச் சீட்டு ஒன்று நீங்கலாக, ஏனையவற்றை வெல்லும் துரும்புகளாகப் பயன்பட்டன. பழைய இத்தாலியப் பட்டியல்கள் சிலவற்றில் இச்சீட்டின் பெயர் 'துரோகி' என்பதாகும். இப்பெயரே அதன் பொருளுக்குத் திறவுகோல் எனலாம்.

அக்கால இத்தாலிய நகரங்களில் அவமான ஓவியம் என்றொரு தண்டனை இருந்தது. துரோகிகள், கடனை ஏமாற்றியோர், மோசடி செய்து முறிந்த வணிகர் ஆகியோர் சட்டத்தின் கைக்கெட்டாது ஓடிவிடின், அவர்தம் உருவம் பொதுக் கட்டடங்களின் சுவர்களில் இழிவுபடத் தீட்டப்பட்டது. ஒரு காலில் தலைகீழாகத் தொங்குவதாக வரைவது இதன் வழக்கமான முறை. உடல் தப்பினாலும் மானம் தப்பக் கூடாது என்பதே நோக்கம். வணிகனின் நாணயம் அவன் பெயரிலேயே தங்கியிருந்த சமூகத்தில் இத்தண்டனையின் கொடுமையைக் குறைத்து மதிப்பிடலாகாது. பெருங்கலைஞரும் இப்பணியினின்று விலகவில்லை. 1440இல் அந்திரேயா டெல் கஸ்தான்யோவும், 1478இல் பொத்திச்செல்லியும் புளோரன்சில் இத்தகைய ஓவியங்களைத் தீட்டினர். பின்னவை 1494இல் மெடிச்சி குடும்பம் வெளியேற்றப்பட்டபோது அழிக்கப்பட்டன.

இவற்றுள் மிகவும் சுவையான சான்று முற்சியோ ஸ்போர்சா என்னும் படைத்தலைவனைப் பற்றியது. 1412இல் அவன் இருபத்துமூன்றாம் யோவானின் (பின்னர் எதிர்ப்பாப்பரசராகக் கணிக்கப்பட்டவர்) சேவையைத் துறந்து நேப்பிள்ஸ் மன்னனின் பக்கஞ் சேர்ந்தான். அதனாற் சினமுற்ற யோவான், உரோமாபுரியின் பாலங்களிலும் வாயில்களிலும் அவனைத் தலைகீழாகத் தொங்கவிட்டு வரைவித்தார். குடியானவன் என இகழும் வாசகமும் பொறிக்கப்பட்டது. அவன் மகன் பிரான்சேஸ்கோ 1450இல் மிலான் கோமகனானான். இன்று எஞ்சியுள்ள மிகப் பழைய டாரட் கட்டுகளுள் ஒன்று இக்குடும்பத்துக்கெனச் செய்யப்பட்டது. பொன்முலாமிட்ட அக்கட்டிலும் தொங்கும் மனிதன் இருக்கிறான்! அவன் முற்சியோதான் எனக் கொள்ள ஆதாரமில்லை. ஆயினும் அப்படத்தைக் கையிலெடுத்த மிலான் பிரபு, அதில் ஞானியைக் கண்டிருப்பான் என்று கருதுவது கடினம்.

துரோகியின் பெயர் மறைந்து ஞானியின் கதை புகுந்தமைக்கு நிலமாற்றமும் காலமாற்றமும் காரணங்களாகும். சீட்டு பிரான்சுக்குச் சென்றது. அவமான ஓவிய வழக்கமும் மறைந்தது. 1781இல் கூர் டி ஜெபலின் என்னும் பிரெஞ்சு அறிஞர், டாரட் பண்டை எகிப்தியரின் ஞானநூல் என எழுதினார். தொங்கும் மனிதன் அவருக்குப் புதிராயிற்று. ஆகவே, அது ஒரு காலை ஊன்றி மறுகாலை எங்கு வைப்பதென ஆராயும் 'விவேகம்' என்றும், அறியாத சீட்டுத் தொழிலாளர் படத்தைத் தலைகீழாக அச்சிட்டுவிட்டனர் என்றும் தீர்ப்பளித்தார். எகிப்திய எழுத்துகளைச் சம்பொல்லியன் வாசித்தறிந்ததோ 1822இல்தான். வாசிக்கப்படாத எழுத்தின் மேல் எதையும் ஏற்றிக் கூறலாம் அன்றோ! எழுத்துகள் வாசிக்கப்பட்ட பின்னரும் அவர் கூற்றுக்கு ஆதாரம் கிட்டவில்லை.

1909இல் லண்டனில் வெளிவந்த கட்டுக்கு ஆர்தர் எட்வர்ட் வெயிட்டின் திட்டப்படி பமேலா கோல்மன் சிமித் படங்களை வரைந்தார். அதில் தூக்குமரம் தளிர்விட்ட சிலுவையாயிற்று. துரோகியின் தலையைச் சுற்றி ஒளிவட்டமும் இடப்பட்டது.