நாழிகைக் கன்னலும் நுண்சில்லும்

முன்னுரை

பத்துப்பாட்டுள் ஒன்றான முல்லைப்பாட்டில் நப்பூதனார் ஒரு பாசறைக் காட்சியை வைத்துள்ளார். வேந்தன் பாசறையில் தங்கியிருக்க, நாழிகைக் கணக்கர் அவனைத் தொழுது, நீர்க் கன்னலைக் கொண்டு கழிந்த பொழுதின் அளவை அறிவிக்கின்றனர். அவர்களைப் பொய்த்தல் இல்லாதவர் எனப் புலவர் சிறப்பிப்பது கருதத்தக்கது. சிறு துளை வழியே செல்லும் நீரே அவர்தம் கருவி. துளை சற்றே மாறினும் நாழிகை மாறிவிடும். எனவே கன்னலைச் செய்தவன் தன் கணக்கை மட்டும் நம்பியிருத்தல் இயலாது. நீரை ஓடவிட்டு அளந்து பார்த்த பின்னரே அதனை ஏற்றிருத்தல் வேண்டும். கணக்கை அளவு திருத்தும் இந்நெறியே, நொடியின் நூறு கோடியில் ஒரு பங்கான நானோ நொடியில் இயங்கும் இன்றைய மின்சுற்றுகளுக்கும் அடிப்படையாக நிற்கிறது.

கணக்கின் தோற்றம்

1958ஆம் ஆண்டு செப்டம்பர் 12ஆம் நாள் அமெரிக்கப் பொறியாளர் ஜாக் கில்பி ஒருங்கிணைந்த மின்சுற்றை இயக்கிக் காட்டினார். அதற்கு முன் மின்சுற்று அமைப்போர் உறுப்புகளைப் பலகைமேல் இணைத்துப் பார்த்துப் பிழையைத் திருத்திக்கொள்வர். சிலிக்கன் சில்லின் உள்ளே அவ்வாறு கைவைக்க இயலாது. ஒருமுறை வார்த்தபின் பிழை தெரிந்தால் மீண்டும் வார்க்கப் பல வாரங்களும் பெரும்பொருளும் செலவாகும். ஆகவே, வார்ப்பதற்கு முன்னரே சுற்று எவ்வாறு நடக்கும் என்பதைக் கணினிக்குள் நடத்திப் பார்க்கும் பாவனைக் கணக்கு தேவையாயிற்று.

கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் டொனால்டு பெடர்சனின் வழிகாட்டுதலில் லாரன்ஸ் நேகல் உருவாக்கிய ஸ்பைஸ் என்னும் நிரல் 1973இல் வெளிவந்தது. பெர்க்லி அதனைத் தாராளமாக வழங்கியமையால் உலகெங்கும் பரவியது. எனினும் அந்நிரல் தனித்து எதனையும் அறியாது. டிரான்சிஸ்டரின் இயல்பைக் கூறும் எண்களை ஒருவர் ஊட்டியாக வேண்டும். அவ்வெண்கள் பிழையாயின் விடையும் பிழையே.

அளவின் வழிகள்

அவ்வெண்களைப் பெறும் வழிகளுள் எளிமையானது வளைய அலையியற்றி. குறியை எதிர்மறையாக்கும் சிறு சுற்றுகளை ஒற்றைப்படை எண்ணிக்கையில் வளையமாக இணைத்தால், அது ஓயாமல் மாறி மாறித் துடிக்கும். ஒரு சுற்று எடுக்கும் காலம் நேரில் அளப்பதற்கு மிகச் சிறியது. வளையத்தின் துடிப்போ அளக்கத்தக்கது. எடுத்துக்காட்டாக, 101 சுற்றுகள் கொண்ட வளையத்தின் ஒரு முழுத் துடிப்பு 20.2 நானோ நொடி எனின், அதனை 202ஆல் வகுக்க, ஒரு சுற்றின் தாமதம் 0.1 நானோ நொடி எனக் கிடைக்கும். துளி ஒன்றின் காலத்தை அளக்க இயலாதவன் குடம் நிறையும் காலத்தை அளந்து வகுத்துக்கொள்வதை இது ஒக்கும்.

இத்தகைய சோதனை அமைப்புகள் பெரும்பாலும் சிலிக்கன் வட்டில் சில்லுகளுக்கு இடையேயுள்ள ஒடுங்கிய இடைவெளிகளில் வார்க்கப்படுகின்றன. அவ்வழியேதான் பின்னர் வட்டு அறுக்கப்படும். அளவைத் தந்துவிட்டு அவை அறுவையில் அழிகின்றன. அவை தந்த எண்களோ கணக்கில் நிலைக்கின்றன.

அளக்குங் கருவியின் முனை தொட்டாலே தாமதம் மாறிவிடும் இடங்களும் சில்லில் உண்டு. 1997இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆய்வாளர்கள் சாங், காஷ் ஆகியோர், டிரான்சிஸ்டர் நிலை மாறும் கணத்தில் வெளிப்படும் மிக மெல்லிய ஒளியைக் கண்டறிந்து, தொடாமலே காலத்தை அளக்கும் முறையை வெளியிட்டனர்.

ஒரு விடையிலிருந்து பல விடைக்கு

டிரான்சிஸ்டர்கள் சிறுத்து விரைவுபெற, அவற்றை இணைக்கும் கம்பிகளின் தாமதம் மேலோங்கியது. வில்லியம் எல்மோர் 1948இல் பெருக்கிகளுக்காக வகுத்த வாய்பாடு, 1980களில் சில்லின் கம்பிகளுக்கும் பயன்படலாயிற்று.

வெப்பமும் காலத்தை மாற்றும். வணிகச் சில்லுகளுக்கு 0 முதல் 70 பாகை செல்சியஸ் வரையும், படைத்துறைச் சில்லுகளுக்குக் கழித்தல் 55 முதல் 125 பாகை வரையும் வரம்பு கொள்வது வழக்கம். மதுரையின் கோடையில் மூடிய பெட்டிக்குள் இயங்கும் சில்லும், குளிரூட்டிய ஆய்வறையில் இயங்கும் சில்லும் ஒரே காலத்தைக் காட்டா. பொதுவாக வெப்பம் மிகச் சில்லு மெதுவாகும். மிகக் குறைந்த மின்னழுத்தத்தில் இயங்குவனவற்றுள் சில குளிரில் மெதுவாவதும் உண்டு.

இவற்றோடு, ஒரே வட்டில் வார்த்த இரு சில்லுகளும் முற்றும் ஒத்தவை அல்ல. ஆகவே தாமதத்தை ஒரே எண்ணாகக் கூறாமல், பரவலாகக் கூறும் புள்ளியியல் முறை எழுந்தது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்று ஐ.பி.எம். ஆய்வகத்தில் பணியாற்றிய சந்து விஸ்வேஸ்வரையா, தம் குழுவினருடன் 2004இல் வெளியிட்ட கட்டுரை இத்துறையில் குறிப்பிடத்தக்கது.

மதுரையும் இத்துறையும்

அளந்து உறுதிசெய்யும் வழக்கம் மதுரைச் சமவெளிக்குப் புதிதன்று. பஞ்சாலைகளில் 120 கஜ நூலை நிறுத்துப் பார்த்தே நூலின் எண்ணை உறுதிசெய்வர். ஆலை அதிபரான கருமுத்து தியாகராசர் 1957இல் நிறுவிய தியாகராசர் பொறியியற் கல்லூரியில், 2018 ஜூன் 28 முதல் 30 வரை, மின்சுற்று வடிவமைப்பும் சோதனையும் பற்றிய 22ஆம் பன்னாட்டுக் கருத்தரங்கு நடைபெற்றது. வடிவமைப்பு, சோதனை என்னும் இரு சொற்களும் அதன் பெயரிலேயே இணைந்திருந்தமை பொருள் பொதிந்தது.

அதே 2018இல் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் 'சக்தி' செயலிகளுள் ஒன்று அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் 22 நானோ மீட்டர் முறையிலும், மற்றொன்று சண்டிகரை அடுத்த அரசுக் குறைகடத்தி ஆய்வகத்தில் 180 நானோ மீட்டர் முறையிலும் வார்க்கப்பட்டன. ஓர் ஆலையின் எண்கள் மற்றோர் ஆலைக்குப் பொருந்தா. ஒவ்வோர் ஆலையும் தன் சிலிக்கனைத் தானே அளந்தாக வேண்டும்.

இங்குதான் கவலை எழுகிறது. மதுரையில் பயிலும் மாணவர் கணினியில் சுற்றை வடிவமைத்துப் பாவனைக் கணக்கை நடத்துகிறார். அக்கணக்கில் உள்ள எண்களோ தொலைவிலுள்ள ஆலை அளந்து தந்தவை. தாம் வரைந்த சில்லைக் கையில் ஏந்தித் தாமே அளந்து பார்க்கும் வாய்ப்பு நெடுங்காலம் மிகச் சிலருக்கே கிட்டியது. 1989இல் சண்டிகர் ஆலை தீக்கிரையானபோது, நாட்டின் அளவறிவே பல ஆண்டுகள் தடைப்பட்டது எனலாம். 2022இல் மைய அரசு தொடங்கிய திட்டத்தின் வழி, மாணவர் வடிவமைத்த சில்லுகள் அங்கு வார்க்கப்பட்டு அவர்களிடமே திரும்பி வரத் தொடங்கியிருப்பது ஆறுதல் தருவதாகும்.

முடிவுரை

கணக்கு, நிகழக்கூடியதைக் கூறுகிறது. அளவு, நிகழ்ந்ததைக் கூறுகிறது. இரண்டும் வேறுபடும் இடத்தில்தான் புதிய அறிவு பிறக்கிறது. பிறர் அளந்த எண்ணைப் பெற்றுக் கணக்கிடுபவர் நல்ல மாணவராகலாம். தாமே அளந்து, தம் கணக்கைத் தாமே திருத்துபவரே அக்கலைக்கு உரியவராவார். முல்லைப்பாட்டின் நாழிகைக் கணக்கர் பொய்யாமை என்னும் சிறப்பைப் பெற்றது கன்னலை நேரே கண்டு கூறியமையால் அன்றோ? அச்சிறப்பு மதுரையின் இளம் பொறியாளர்க்கும் உரியதாதல் வேண்டும்.