தகவல் தேடலும் இரைதேடலும்: பீட்டர் பிரோலியின் ஆய்வு வரலாறு

முன்னுரை

தகவல் தேடுவோர் ஒரு பக்கத்தை முழுதும் படியாது அடுத்ததற்குத் தாவுவதைப் பொறுமையின்மை எனப் பலரும் கருதுவர். அத்தாவலுக்குப் பின்னே ஓர் ஒழுங்கான கணக்கு உண்டு என்பதைக் கோட்பாடாக நிறுவ முயன்றவர் அறிதிறன் அறிவியலாளர் பீட்டர் பிரோலி. அவருடைய ஆய்வு வளர்ந்த வரலாற்றை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

ஆய்வுப் பின்புலம்

பிரோலி 1985இல் அமெரிக்காவின் கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். தகவல் பெருகப் பெருக மனிதரின் கவனமே அரும்பொருளாகும் என்று 1971இலேயே சுட்டிய எர்பர்ட் சைமன் பணியாற்றிய இடம் அது. மனித அறிதலைக் கணினி மாதிரியாக அமைத்துக் காட்டிய ஜான் ஆண்டர்சனுடன் இணைந்து, மாணவர்கள் எடுத்துக்காட்டுகளிலிருந்து நிரலாக்கம் கற்கும் முறையைப் பிரோலி ஆராய்ந்தார். பின்னர்ப் பெர்க்லியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக விளங்கி, 1990களின் தொடக்கத்தில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தை அடைந்தார்.

கோட்பாட்டின் தோற்றம்

அம்மையத்தில் ஸ்டூவர்ட் கார்டுடன் இணைந்து அவர் உருவாக்கியதே 'தகவல் இரைதேடல் கோட்பாடு'. 1995இல் கருத்தரங்கக் கட்டுரையாக வெளிவந்த இக்கோட்பாடு, 1999இல் 'சைக்கலாஜிக்கல் ரிவியூ' இதழில் விரிவாக வெளியாயிற்று. இதன் வேர் சூழலியலில் உள்ளது. ஒரு புதரில் பழம் தின்னும் பறவைக்குத் தொடக்கத்தில் இரை விரைவாகக் கிட்டும். போகப் போகக் குறையும். அவ்விடத்துப் பேறு, சுற்றுப்புறம் முழுவதிலும் கிட்டும் சராசரிப் பேற்றின் அளவுக்குத் தாழும்போது பறவை அதனை விட்டு நீங்குதலே பயன் மிக்கது என எரிக் சார்னவ் 1976இல் விளக்கினார். அடுத்த புதர் அண்மையில் இருப்பின் விரைவில் நீங்கும். தொலைவில் இருப்பின் நெடிது தங்கும். தகவல் தேடுவோர்க்கும் இது பொருந்தும் என்பதே பிரோலி, கார்டு ஆகியோரின் துணிபு.

தகவல் மணம்

உள்ளிருப்பதை அறியுமுன் தேடுவோர்க்குத் தலைப்பு, சுருக்கம், இணைப்புச் சொற்கள் ஆகியனவே வழிகாட்டுகின்றன. இக்குறிப்புகளைப் பிரோலி 'தகவல் மணம்' என்றார். மணம் வலிதாயின் தேடுவோர் நேரே செல்வர். மெலிதாயின் அலைவர் அல்லது அவ்விடத்தைக் கைவிடுவர். சொற்கள் எத்துணை அளவு உடன் வருகின்றன என்பதைக் கொண்டு மணத்தை அளவிட்டு, இணையப் பயனர் எவ்விணைப்பைத் தேர்வர், எப்போது நீங்குவர் என்பதை முன்னுரைக்கும் கணினி மாதிரியையும் அவர் வேய்-டாட் ஃபூவுடன் அமைத்தார். இவ்வாய்வுகளைத் தொகுத்துரைக்கும் அவருடைய நூல் 2007இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகப் பதிப்பகத்தால் வெளியிடப்பட்டது.

கோட்பாட்டின் எல்லை

மணம் வேறு, இரை வேறு. தொடர்புடையதாகத் தோன்றுவது எது என்பதை மணம் உணர்த்தும். அது மெய்யா என்பதை உணர்த்தாது. கவர்ச்சியான தலைப்பு தேடுவோரைத் தவறான இடத்திற்கும் ஈர்க்கக்கூடும். தேடுவோரின் நடத்தையை விளக்கும் கோட்பாடு, தேடிப் பெற்றதன் தகுதிக்கு உறுதி கூறுவதில்லை என்பது கருதத்தக்கது.

முடிவுரை

நிரலாக்கக் கல்வியில் தொடங்கிய பிரோலியின் ஆய்வு, தகவல் தேடலின் பொறுப்பில் ஒரு பகுதியைத் தேடுவோரிடமிருந்து தகவலை அமைப்போரிடம் மாற்றியுள்ளது. கட்டுரைத் தலைப்பும் பொருளடைவும் நூற்பட்டியற் குறிப்பும் உள்ளடக்கத்தை உண்மையாக உணர்த்தாவிடின், அரிய ஆய்வும் படிக்கப்படாமலே கிடக்கும். அதற்குத் தேடுவோரை மட்டும் குறை கூறுதல் பொருந்தாது என்பது இவ்வரலாற்றால் பெறப்படுகிறது.